ரூலாவது மண்ணாங்கட்டியாவது

ஜூலை 7, திங்கள்

விடியும்போதே புழுக்கம். மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது தலைக்கு மேல் விமானம், அந்தச் சத்தத்தில் கீழே முரளி கத்தியது கேட்கவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வெள்ளை.

இன்று:
– ராஜினாமாக் கடிதம், 2 காப்பி
– ஒரிஜினல் சர்டிபிகேட் வாங்க (10, +2, பி.ஏ., எம்.ஏ., பி.எட்.)
– நிலாவுக்கு ஷூ (போன வருஷத்தது கடிக்கிறதாம்)
– குக்கர் கேஸ்கெட்

குரோம்பேட்டை ஸ்கூலில் 18-ஆம் தேதிக்குள் ஒரிஜினலோடு வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். உதவி பெறும் பள்ளி. நாற்பத்து மூன்று வயதில் எனக்கு இது கிடைத்ததே பெரிசு. இட்லி கூட இன்று பஞ்சு மாதிரி வந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மாலை. கரஸ்பாண்டென்ட் அறையில் கால் மணி நேரம். (இனி க. அந்த ஆளுக்காக இவ்வளவு மை செலவழிக்க முடியாது.) கடிதத்தைப் படிக்கவே இல்லை. அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், அது வேறு விஷயம். "வருஷம் முடியாம ஒரிஜினல் தர்றது நம்ம ரூல்லயே இல்லையே மிஸ்" என்கிறான், பேனாவைச் சுழற்றிக்கொண்டே. வேலைக்குச் சேரும்போது வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியது. பதினோரு வருஷம். என் படிப்பு, அவன் பீரோ.

வாயில் வந்துவிட்டது. "ரூலாவது மண்ணாங்கட்டியாவது! என் சர்டிபிகேட்டை எடுங்க சார்!"

பக்கத்து ஆபீஸ் அறையில் ஸ்டெல்லாவின் டைப்பிங் சத்தம் சட்டென நின்றது. க. எழுந்து கதவைக் காட்டினான். வந்துவிட்டேன். பஸ் கேம்ப் ரோட்டில் நத்தையாக ஊர்ந்தது, தாம்பரம் வரைக்கும் அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. பொய் சொல்வானேன்.

ஷூ வாங்கவில்லை.


ஜூலை 8, செவ்வாய்

வாட்ச்மேன் கேட்டிலேயே மறித்தார். "மேடம், உள்ள வுட வேணான்னு சொல்லிகிறாரு. நான் இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க." பாவம், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என் டப்பா ஸ்டாஃப் ரூம்ல கீது" என்று அவர் பாஷையிலேயே சொன்னேன். சிரித்தார், ஆனால் விடவில்லை.

ஸ்டெல்லாவுக்கு மூன்று தடவை போன். எடுக்கவில்லை. ஆபீஸ் கிளார்க் அவள், அவளும் பதினோரு வருஷம், நான் சேர்ந்த அதே ஜூன். தினமும் தாம்பரத்திலிருந்து ஒரே பஸ், ஒரே சீட். பள்ளியிலிருந்து தமிழில் போகிற சர்க்குலர், அழைப்பிதழ், 'நாளை விடுமுறை' என்கிற ஒரு வரி வரைக்கும் அவள் டைப் செய்து என் மேசைக்குக் கொண்டுவருவாள். நான் பென்சிலால் திருத்துவேன். அப்புறம்தான் வெளியே போகும்.

அவளுக்கு எங்கே பார்த்தாலும் வல்லின ற. 'விறைவில்', 'பெற்றோறுக்கு', 'பிறச்சனை'. ஒரு நாள் கேட்டேவிட்டேன், ஏன் இப்படி என்று. "சின்ன ர போட்டா விளையாட்டா எழுதுன மாதிரி இருக்கு மிஸ். பெரிய ற-தான் அபிஷியலா இருக்கு." அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன். பென்சில் போதும்.

மாவு புளித்துவிட்டது. யாருக்கும் சாப்பிடப் பிடிக்கவில்லை.


ஜூலை 9, புதன்

பத்தரைக்கு போன். ஸ்டேஷனிலிருந்து. "தேன்மொழிங்களா? உங்க மேல எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கு, வந்துட்டுப் போங்க." ஏதோ கூரியர் வந்திருக்கிறது என்பது போலச் சொன்னார்.

முரளி திருமுடிவாக்கம் பட்டறையில் பாதி வேலையை விட்டுவிட்டு, கையில் கிரீஸோடு வந்தார்.

ஸ்டேஷனில் ரைட்டர் என்பவர்தான் எழுத்து வேலையெல்லாம். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். ஃபைலைப் பிரித்து, முதல் கேள்வி:

"ரூல்தடி எங்க மேடம்?"

"என்ன தடி?"

"எறிஞ்சீங்களே, ரூல்தடி. கூட ஒரு மண்ணாங்கட்டி. ரெண்டையும் கரஸ்பாண்டென்ட் மேல எறிஞ்சு, அவரு கீழ விழுந்து, கையில அடி."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் முகம் மாறிவிட்டது. "எஜுகேட்டட் லேடி, டீச்சர் வேற. செக்‌ஷன் மூணு போட்டிருக்கு, சிரிக்கிறீங்க."

முரளி என்னையே பார்த்தார். வெளியே வந்ததும் தணிந்த குரலில், "நெஜமாவே எறிஞ்சியா?" என்றார். பதினேழு வருஷம் கூட வாழ்ந்த மனிதர் கேட்கிற கேள்வி. வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

ரூல்தடி. பதினோரு வருஷத்தில் நான் ஒரு பிள்ளையின் விரலைக்கூட அதால் தொட்டதில்லை.


ஜூலை 10, வியாழன்

தாம்பரம் கோர்ட் வாசலில் வக்கீலம்மா. முரளியின் முதலாளிக்குத் தெரிந்தவர், சின்ன வயசு, கறார். புகாரின் நகல் வாங்கி வைத்திருந்தார். ஜூஸ் கடைக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்:

'எங்கள் பள்ளி தமிழாசிறியை தேன்மொழி என்பவர் என் அறையில் பிறச்சனை செய்து, ரூலாவது மண்ணாங்கட்டியாவது என்று என் மீது எறிந்து விழுந்தார். தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக் கொல்கிறேன்.'

கேட்டுக் கொல்கிறேன்!

ஸ்டெல்லா. வேறு யாராக இருக்கும்? ஒவ்வொரு வரியிலும் அவள் முகம். க. வாயால் சொன்னது 'எரிந்து விழுந்தார்' என்றுதான். சள்ளென்று கோபப்பட்டேன், அது நிஜம், நான் மறுக்கவே இல்லை. அவள் தன் அபிஷியல் ற-வைப் போட்டுவிட்டாள். எரிந்து, எறிந்து. நம் ஊர் வாயில் இரண்டும் ஒரே சத்தம்தான், காதால் கண்டுபிடிக்கவே முடியாது. கண்ணுக்குத்தான் வித்தியாசம். கோபம் வீச்சாகிவிட்டது. வீச்சு என்றால் எதை வீசினாள் என்று தேட வேண்டும் இல்லையா, ரைட்டர் பக்கத்து வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிட்டார். ரூல். மண்ணாங்கட்டி. 'விழுந்தார்' இருக்கிறதே, யாராவது விழுந்துதானே ஆக வேண்டும்.

பதினோரு வருஷத்தில் என் பென்சிலுக்கு வராமல் வெளியே போன ஒரே காகிதம் இது. என்னைப் பற்றியது என்பதால் என்னிடம் வரவில்லை. நியாயம்தான்!

வக்கீலம்மாவிடம் விளக்கினேன். இரண்டு தடவை. "ஓ" என்றார். பிறகு, "இது உங்களுக்குப் புரியுது, எனக்குப் புரியுது. டைப் பண்ணவங்க வந்து 'நான் தப்பா அடிச்சிட்டேன்'னு சொன்னா ஒரே நாள்ல முடிஞ்சிடும். வருவாங்களா?"

வருவாள் என்றேன். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்.


ஜூலை 11, வெள்ளி

குரோம்பேட்டையிலிருந்து படிவம் வந்தது. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில்: 'குற்ற வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா? ஆம் / இல்லை.' இரண்டுக்கும் பக்கத்தில் சின்னக் கட்டம்.

மீதியெல்லாம் நிரப்பிவிட்டேன். இரத்த வகை வரைக்கும்.

உட்கார முடியவில்லை. ஃபேன் துடைத்தேன். மிளகாய்த்தூள் டப்பாவையும் தனியாத்தூள் டப்பாவையும் இடம் மாற்றி, திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தேன். கொத்தமல்லி வாங்கத் தெருமுனை வரை போய், எதற்குப் போனேன் என்று மறந்து, வெறுங்கையோடு வந்தேன். லாரித் தண்ணீர் வந்து போயிருக்கிறது, வீட்டில் இருந்தும் குடம் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா: "இன்னா டீச்சரு, ஒடம்பு சரியில்லியா? ஸ்கூலுக்குப் போவல?" லீவு என்றேன். முழித்தது அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஸ்டெல்லா போனை எடுத்தாள். நாளை தாம்பரத்தில், ரயில்வே நடைமேம்பாலத்துக்குக் கீழே, பதினொன்று.


ஜூலை 12, சனி

முன்னாடியே வந்து நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் கேட்கும் முன்பே:

"நான்தான் மிஸ் டைப் பண்ணேன். அவர் சொல்லச் சொல்ல அடிச்சேன். படிக்காமலே சைன் போட்டார். உங்கள பயமுறுத்தத்தான் மிஸ் குடுத்தார், அவருக்கே இவ்ளோ பெரிசாகும்னு தெரியாது. ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்துச்சு. 'மண்ணாங்கட்டிய எறிஞ்சாங்களா சார், நீங்க விழுந்தீங்களா'ன்னு கேட்டாங்க. பேனாவச் சுத்திக்கிட்டே யோசிச்சார். அப்புறம் 'ஆமா, கையில அடி'ன்னுட்டார். மறுநாள் கையில கட்டோட வர்றார்."

முதலில் புகார், அப்புறம் கேஸ், கடைசியாகக் காயம். உலகத்தில் எங்கேயும் இந்த வரிசை கிடையாது.

"அப்ப வந்து சொல்லு ஸ்டெல்லா. 'எரிந்து'ல சின்ன ர போடாம பெரிய ற போட்டுட்டேன்னு சொல்லு, ஒரே எழுத்து. போதும்."

தரையைப் பார்த்தாள். அவள் சர்டிபிகேட்டும் அதே பீரோவில். பையன் ஜோயல் அங்கேயே பத்தாவது. "பப்ளிக் எக்ஸாம் வருஷம் மிஸ். ஹால் டிக்கெட்லேர்ந்து எல்லாம் அவர் கையில. முடியாது மிஸ். ஏசுவே, என்னால முடியாது."

எனக்குப் புரிந்தது. எல்லாம் புரிந்தது. புரிந்தும் கத்தினேன். "பதினோரு வருஷம் உனக்குப் பென்சில் பிடிச்சேன்டி! ஒரு எழுத்து! ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கு வர்ற எழுத்து உனக்கு வரல, அதுக்கு நான் கோர்ட் ஏறணுமா? தற்குறி!"

பூக்காரம்மா திரும்பிப் பார்த்தார். ஸ்டெல்லா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.


ஜூலை 13, ஞாயிறு

வஞ்சிரம். முரளி வாங்கி வந்தார், சமாதானத்துக்கு. நன்றாகத்தான் இருந்தது. என் துண்டை நிலா தட்டில் வைத்தேன்.

நேற்று நடந்ததைச் சொன்னேன். நிலா சாப்பிட்டுக்கொண்டே, "அப்ப ஸ்டெல்லா ஆன்ட்டி மேல நீ எரிஞ்சு விழுந்திருக்கம்மா. இதுக்கு அவங்க கேஸ் போடலாம்" என்றாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறது, வாய் எம்.ஏ. திட்டலாம் என்று பார்த்தேன், திட்ட ஒன்றுமில்லை. சரியாகத்தான் சொன்னாள்.

தற்குறி என்று சொல்லியிருக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவரை அப்படிச் சொல்வார்கள். பதினோரு வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துக் காகிதம் டைப் செய்கிறவளை.

வாட்ஸப்பில் 'சாரி' என்று டைப் செய்து, அழித்து, செய்து, அழித்து. அனுப்பவில்லை. கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, அதுதான் விஷயம்.

கேஸ்கெட் மறந்தே போனது. குக்கர் பக்கவாட்டில் சீறுகிறது.


ஜூலை 15, செவ்வாய்

மழை. சாயங்காலம் ஒரே அடி, பம்மல் பக்கம் முட்டளவு தண்ணீர். வக்கீலம்மா போன்.

க. இறங்கி வருகிறானாம். ஸ்டேஷனில் அவனையும் குடைகிறார்கள் போலிருக்கிறது: ரூல்தடி கிடைக்கவில்லை, காயத்துக்கு டாக்டர் சீட்டு வரவில்லை. பேரண்ட்ஸ் குரூப்பில் வேறு பேச்சு. அதனால் சமாதானம். நான் ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்கி ஒரிஜினலையும் தருவானாம். கடிதம் அவன் ஆபீஸிலேயே டைப் ஆகி வரும். புகாரில் உள்ள அதே வாசகம், 'என் மீது' என்பது மட்டும் 'அவர் மீது' என்று மாறும். நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"எறிந்துன்னு இருந்தா போடாதீங்க" என்றார் வக்கீலம்மா. "நீங்களே அடிச்சேன்னு எழுதிக் குடுத்த மாதிரி. நாளைக்கு எங்க வேணா நீட்டுவாங்க."

முரளி: "போட்டுட்டு வாயேன். பதினெட்டாம் தேதி மூணு நாள்ல. ஒரு எழுத்து. யார் பாக்கப் போறா?"

"பட்டறையில ஒரு நூல் அளவு தப்பினா பீஸைத் தூக்கிப் போடுறீங்கல்ல? அப்ப யார் பாக்கப் போறான்னு விட வேண்டியதுதானே?"

அவர் எழுந்து போய் கேஸ்கெட் வாங்கி வந்து தானே மாட்டினார், நனைந்துகொண்டே. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கேஸ்கெட்டுக்கு அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.


ஜூலை 16, புதன்

முடிவு: போட மாட்டேன்.

காலை: போட மாட்டேன்.
மதியம்: போட்டால் என்ன. குரோம்பேட்டை. பென்ஷன். நிலாவின் காலேஜ்.
மூன்று மணி: போட மாட்டேன். பிள்ளைகளுக்கு ர, ற சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்ட சோறு.
நான்கரை: கட்டம் 'ஆம்' என்று டிக் செய்தால் வேலை போச்சு. அதற்காக, எறியாததை எறிந்தேன் என்பதா? இன்னொரு வேலை கிடைக்காமலா போய்விடும். கிடைக்காது. நாற்பத்து மூன்று.

ஸ்டெல்லாவுக்கு 'சாரி' அனுப்பிவிட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு நீல டிக். பதில் இல்லை.

நாளை பதினொரு மணிக்கு ஸ்டேஷன். போவேன், படிப்பேன், பென்சிலால் அந்த எழுத்தைச் சுழிப்பேன், எழுந்து வந்துவிடுவேன். பென்சில் சீவி பையில் வைத்தாயிற்று.


ஜூலை 17, வியாழன்

முதலில் முக்கியமானது: ஒரிஜினல் கைக்கு வந்துவிட்டது. ஐந்தும். எம்.ஏ. பின்பக்கம் பீரோத் துரு, மற்றபடி பத்திரம். நாளை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். வெள்ளைப் புடவை இஸ்திரி.

நடந்ததை எழுத வேண்டும். கை ஓடவில்லை.

க. நாற்காலியில். கட்டு இல்லை, கை பளபளவென்று இருந்தது. பக்கத்தில் ஸ்டெல்லா, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு. என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சிடும்மா" என்றான் க. அவளிடம். அவன் படிக்க மாட்டானே.

ஸ்டெல்லா படித்தாள். "...பிரச்சனை செய்து, ரூலாவது மண்ணாங்கட்டியாவது என்று அவர் மீது எறிந்து விழுந்தேன்..." எனக்குக் காதில் அப்படித்தான் விழுந்தது. க. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பாட்டுக் கச்சேரியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. 'வருந்துகிறேன்' வந்ததும் சிரித்தான். தன் பங்குக்கு அடியில் கையெழுத்தும் போட்டான், 'சமாதானமாகப் போகிறோம்' என்பதற்குக் கீழே.

காகிதம் என்னிடம் வந்தது. பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டேன்.

முதல் வரி: 'பிறச்சனை'. ஆகா, அப்படியேதான் இருக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டாம் வரி. நின்றுவிட்டேன்.

எரிந்து.

சின்ன ர. விளையாட்டாக எழுதின மாதிரி இருக்குமே, அந்த ர. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அவர் மீது எரிந்து விழுந்தேன். ஆமாம், விழுந்தேன். அதற்குக் கையெழுத்துப் போட எனக்கு என்ன வெட்கம்?

தற்செயலாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம். அடுத்த வரிக்குப் போனேன். 'மனப்பூர்வமாக வறுந்துகிறேன்.' அதற்குக் கீழே 'மேற்படி விவகாறம்'. காகிதம் முழுக்க அவளுடைய பெரிய ற, ஊறுகாயில் கடுகு மாதிரி அங்கங்கே. அந்த ஒரே ஒரு இடத்தில் மட்டும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். ஸ்டெல்லா இன்னும் காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு துடித்தது.

ரைட்டர் காகிதத்தை எட்டி வாங்கிப் படித்தார். மெதுவாக, உதடு அசைய. புகாரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பளபள கையைப் பார்த்தார். "சரி" என்றார் கடைசியில். "கோவப்பட்டதுக்கு கேஸ் இல்ல. மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்னு போட்டு க்ளோஸ் பண்ணிடலாம். சைன் பண்ணுங்க மேடம்."

வக்கீலம்மா போனில்: "நாளைக்கு தைரியமா 'இல்லை'யில டிக் பண்ணுங்க, க்ளோஸ் பண்ணின பேப்பரைக் கூட வெச்சுக்கோங்க."

பயம் இப்போதுதான் வருகிறது. எனக்காக இல்லை. என்றைக்காவது ஒரு நாள் க. எழுத்துக்கூட்டி இரண்டு காகிதத்தையும் படித்தால்? ஜோயலுக்குப் பரீட்சை முடியும் வரைக்குமாவது அவன் தமிழ் படிக்காமல் இருக்க வேண்டும். ஒரு தமிழ் வாத்தியாருக்கு வரக்கூடிய வேண்டுதலா இது.

கையெழுத்துப் போடப் போனபோது 'இப்படிக்கு'க்குக் கீழே பார்த்தேன். 'தமிழாசிறியை' என்று இருந்தது.

பென்சில் கையில்தான் இருந்தது. பையில் போட்டுவிட்டு, ரைட்டரிடம் பேனா வாங்கி, அதற்கு மேலேயே கையெழுத்துப் போட்டேன்.